மாதிரி ரயில் நடைமேடையில் குறைந்த செலவில் கூட்டம் சேர்ப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மாதிரி ரயில் அமைப்பவர்கள் பாதை, என்ஜின், சமிக்ஞை ஆகியவற்றுக்குச் செலவிட்டு முடித்த பிறகு நடைமேடை வெறிச்சோடிக் கிடப்பதைக் காண்கிறார்கள். பண்டிகைக் காலத்தில் கால் வைக்க இடமில்லாத ஒரு தமிழ்நாட்டு ரயில் நிலையத்தைச் சித்திரிக்க விரும்புபவர்களுக்கு இந்த வெறுமை இன்னும் உறுத்தும். கீழே உள்ள விடைகள் ஒரு குறிப்பிட்ட காட்சியை மனத்தில் கொண்டு எழுதப்பட்டவை: எச்.ஓ. எனப்படும் 1:87 அளவில், 120 செ.மீ. நீளமும் 9 செ.மீ. அகலமும் கொண்ட ஒரு விரைவு ரயில் நடைமேடை. உண்மை அளவில் இது ஏறத்தாழ 104 மீட்டர் நீளம், அதாவது சென்னை ஐ.சி.எஃப். தொழிற்சாலையில் செய்யப்படும் ரயில் பெட்டிகள் ஐந்துகூட முழுமையாக நிற்க முடியாத நீளம். வீட்டில் அமைக்கக்கூடிய நடைமேடைகள் பெரும்பாலும் இந்த அளவை ஒட்டியே இருக்கும்.

கூட்டம் என்று சொல்லும்படி தெரிய எத்தனை உருவங்கள் தேவைப்படும்?

இதற்குக் கணக்கு ஒன்று உண்டு. கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் இதழியல் கற்பித்த ஹெர்பர்ட் ஜேக்கப்ஸ், 1960களில் மாணவர் கூட்டங்களைக் கவனித்து, ஆட்களை எண்ணாமலே கூட்டத்தை மதிப்பிட ஒரு வழி சொன்னார். தளர்வான கூட்டத்தில் ஒருவருக்கு 10 சதுர அடி, நெருக்கமான கூட்டத்தில் 4.5 சதுர அடி, மூச்சு முட்டும் நெரிசலில் 2.5 சதுர அடி என்பது அவர் வகுத்த அளவு. இதை 1:87க்குச் சுருக்கினால் தளர்வான கூட்டத்தில் ஓர் உருவத்துக்கு 1.23 சதுர செ.மீ., நெருக்கத்தில் 0.55 சதுர செ.மீ., நெரிசலில் 0.31 சதுர செ.மீ. இடம் கிடைக்கும்.

நம் நடைமேடையின் பரப்பு 1,080 சதுர செ.மீ. அதைத் தளர்வாக நிரப்பவே 870க்கும் மேற்பட்ட உருவங்கள் வேண்டும். நெருக்கமாக நிரப்ப 1,950 வேண்டும். இந்த எண்களைக் கண்டு மனம் தளர வேண்டியதில்லை, ஏனெனில் உண்மையான நடைமேடையிலும் மக்கள் முழுப் பரப்பிலும் சீராகப் பரவி நிற்பதில்லை. இருபது உருவங்கள் கொண்ட ஒரு குழுவுக்கு, தளர்வான கணக்கின்படியே, 5 செ.மீ. நீள அகலமுள்ள ஒரு சதுரம் போதும். அப்படிப்பட்ட எட்டுக் குழுக்களை அமைத்தால் 160 உருவங்களே செலவாகும். நடைமேடையில் ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவான இடமே நிரம்பியிருக்கும். ஆனால் பார்ப்பவர் கண்ணுக்கு அது கூட்டமான நிலையமாகவே தோன்றும். அதே 160 உருவங்களைச் சம இடைவெளியில் பரப்பி நிறுத்தினால் கூட்டம் மறைந்து, ஆங்காங்கே ஆள் நிற்கும் சோம்பலான மதிய வேளையாகிவிடும். குறைந்த செலவில் கூட்டம் சேர்ப்பதன் அடிப்படை இந்த வேறுபாட்டில்தான் இருக்கிறது.

அந்தக் குழுக்களை எங்கெங்கே நிறுத்த வேண்டும்?

ரயிலுக்காகக் காத்திருக்கும் மக்கள் எங்கே சேர்கிறார்கள் என்பதை ஒரு மாலை நேரம் நிலையத்துக்குப் போய்ப் பொறுமையாகக் கவனித்துவிட்டு இந்த வேலையைத் தொடங்குவது நல்லது. விரைவு ரயில்களில் முன்பதிவில்லாப் பெட்டிகள் பெரும்பாலும் ரயிலின் இரு முனைகளிலும் இணைக்கப்படுவதால், நடைமேடையின் கோடிகளில் மிகுந்த நெருக்கமும், நடுவில் சற்றுத் தளர்வும் இருக்கும். நடைமேம்பாலத்தின் படிக்கட்டு இறங்கும் இடம், தேநீர்க் கடை, குடிநீர்க் குழாய், பெட்டி எண் காட்டும் பலகையின் அடி, மின்விசிறி சுழலும் இடம் ஆகியவை அடுத்தடுத்த மையங்கள். பகல் காட்சியானால் கூரை முடிந்து வெயில் விழும் பகுதி ஏறத்தாழ காலியாகவே இருக்க வேண்டும். அந்தக் காலியிடம் கூரையின் கீழ் நிற்கும் கூட்டத்தை மேலும் அடர்த்தியாகக் காட்டும்.

ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு காரணம் இருக்கட்டும். மூட்டைகளைச் சுற்றி அமர்ந்த ஒரு குடும்பம், வழியனுப்ப வந்த உறவினர் நால்வர், பயணச்சீட்டுப் பரிசோதகரைச் சூழ்ந்து நிற்கும் பத்துப் பேர் என்று பிரித்துக்கொண்டால், யார் எந்தப் பக்கம் பார்க்க வேண்டும் என்பது தானே விளங்கிவிடும். ரயில் வரவிருக்கும் காட்சியில் விளிம்போரம் நிற்பவர்கள் எல்லோரும் ஒரே திசையில் தலையைத் திருப்பியிருப்பார்கள். ரயில் வந்து நின்ற பிறகான காட்சியில் ஒவ்வொரு வாசலுக்கும் முன்னால் ஒரு கொத்து உருவாகி, அதன் பின்னால் நடைமேடை வெறுமையாகும். இவ்விரண்டில் எந்த நொடியைக் காட்டப்போகிறோம் என்பதை முதலில் முடிவு செய்துகொள்ள வேண்டும். இரண்டையும் ஒரே நடைமேடையில் கலப்பதே பல அமைப்புகளில் கூட்டம் பொய்யாகத் தெரியக் காரணம்.

நடக்கும் நிலையில் உள்ள உருவங்களைக் குறைவாகவே வாங்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. தூக்கிய காலுடன் உறைந்து நிற்கும் ஆளைப் பார்த்த மாத்திரத்தில் கண் அவரைப் பொம்மை என்று கண்டுகொள்கிறது. நிற்பவர், அமர்ந்தவர், சாய்ந்தவர், படுத்தவர் எவ்வளவு நேரம் பார்த்தாலும் இயல்பாகவே இருப்பார்கள்.

சந்தையில் எவ்வகை உருவங்கள் கிடைக்கின்றன? விலையில் ஏன் இவ்வளவு வேறுபாடு?

1949இல் தொடங்கப்பட்ட ஜெர்மனியின் பிரைசர் நிறுவனமும், அதே நாட்டின் நோக், ஃபாலர் ஆகியவையும், அமெரிக்காவின் உட்லேண்ட் சீனிக்ஸும் கையால் வண்ணம் தீட்டிய தரமான உருவங்களை விற்கின்றன. ஐந்தாறு உருவங்கள் கொண்ட ஒரு சிறு பெட்டியே பல வேளைகளில் பத்து யூரோவுக்கு மேல் போகும். அஞ்சல் கட்டணமும் இறக்குமதித் தீர்வையும் சேர்ந்தால் 160 பேர் கொண்ட கூட்டம் ஒரு நல்ல என்ஜினின் விலையைத் தாண்டிவிடும். வண்ணத்தில் உழைப்பு மிகுதி என்பதுதான் விலைக்குக் காரணம். அதே பிரைசர், வண்ணம் தீட்டாத உருவங்களை நூறுக்கு மேல் அடங்கிய பெரிய பெட்டிகளாகவும் விற்கிறது. அங்கே ஓர் உருவத்தின் விலை வெகுவாகக் குறைகிறது, வார்ப்பின் நேர்த்தியோ குறைவதில்லை. முகம், கைவிரல், உடை மடிப்பு ஆகியவை தெளிவாக வேண்டிய முன்வரிசைக்கு இவையே சிறந்த முதலீடு.

மூன்றாவது வகை, கட்டட மாதிரி செய்பவர்களுக்காகச் சீனாவில் பெருவாரியாகத் தயாராகி, நூறு நூறாகப் பையில் அடைத்து இணையக் கடைகளில் விற்கப்படும் பெயரில்லா உருவங்கள். விலை மிகக் குறைவு. ஆனால் பத்துப் பதினைந்து நிலைகளே திரும்பத் திரும்ப வரும், வார்ப்புக்கோடு (அச்சின் இரு பாதிகள் சேரும் இடத்தில் விழும் கோடு) தடித்திருக்கும், முகம் மழுங்கியிருக்கும். இரண்டாம், மூன்றாம் வரிசைகளுக்கு இவை போதும்.

ஹாம்பர்க் நகரில் 2001இல் திறக்கப்பட்ட மினியேச்சர் வுண்டர்லேண்டில் இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்ட உருவங்கள் உள்ளன. அங்குள்ள கூட்டங்களின் படங்களைக் கூர்ந்து பார்ப்பது எந்தச் செலவுமில்லாத நல்ல பயிற்சி. சிறு சிறு நிகழ்வுகளாகப் பிரித்துத்தான் அங்கும் கூட்டத்தை அமைத்திருக்கிறார்கள்.

பையில் விற்கப்படும் உருவங்களின் அளவை நம்பலாமா?

பையின் மேல் அச்சிட்டிருப்பதை நம்பாமல் அளந்து பார்க்க வேண்டும். 175 செ.மீ. உயரமுள்ள ஒருவர் 1:87இல் 20 மி.மீ., 1:76இல் 23 மி.மீ., 1:100இல் 17.5 மி.மீ. இருப்பார். 1:87 என்று குறிப்பிட்ட பையில் 16 மி.மீ. முதல் 23 மி.மீ. வரை கலந்து வருவதுண்டு.

நம் காட்சிக்கு இது பாதகமில்லை, ஒரு வகையில் நன்மையும்கூட. ஐரோப்பிய உருவங்கள் ஐரோப்பியரின் உயரத்தை வைத்து வார்க்கப்படுகின்றன. நம்மூரில் 165 செ.மீ. ஆண் 19 மி.மீ., 152 செ.மீ. பெண் 17.5 மி.மீ. ஆகவே கட்டடக் கலைஞர்களுக்கான 17.5 மி.மீ. உயர 1:100 அளவு உருவம், அவர்கள் எண்ணியிராத வகையில், எச்.ஓ. நடைமேடையில் நம்மூர்ப் பெண்ணுக்கு மிகப் பொருத்தமான உயரத்தில் அமைந்துவிடுகிறது. தலையின் அளவு மட்டும் சற்றுச் சிறிதாக இருக்கும். கொண்டை வைத்தால் அது சரியாகிவிடும். 21 மி.மீ.க்கு மேற்பட்டவர்களை முன்வரிசையில் நிறுத்தாமல், அமர வைப்பதற்கோ இடுப்போடு வெட்டிப் பின்வரிசையில் நிறுத்துவதற்கோ ஒதுக்கலாம்.

கோட்டும் தொப்பியும் அணிந்த ஐரோப்பிய உருவங்களைச் சேலை கட்டிய பெண்களாக மாற்ற முடியுமா?

முடியும், இந்தக் கைவேலையில் எனக்கு மிகவும் விருப்பமான பகுதியும் இதுதான். பாவாடை அல்லது நீள அங்கி அணிந்து, கைகள் உடலை ஒட்டியிருக்கும் பெண் உருவத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். தொப்பி இருந்தால் கூரிய பிளேடால் சீவி, நுண்ணிய உப்புத்தாளால் தலையை உருண்டையாக்க வேண்டும். பாவாடை குடை போல விரிந்திருந்தால் அதன் ஓரங்களையும் சீவிவிட வேண்டும், ஏனெனில் சேலை கணுக்காலை நோக்கி ஒடுங்கி இறங்கும்.

முகம் துடைக்கும் டிஷ்யூ தாளின் அடுக்குகளைப் பிரித்து ஒற்றை அடுக்கை மட்டும் எடுத்துக்கொண்டு, 11 மி.மீ. அகலமும் 22 மி.மீ. நீளமும் கொண்ட ஒரு பட்டையை வெட்டுங்கள். ஒரு பங்கு ஃபெவிக்காலுக்கு இரண்டு பங்கு நீர் கலந்து, தூரிகையால் உருவத்தின் இடுப்புக்குக் கீழே தடவி, பட்டையைச் சுற்றி ஒட்டி, நனைந்த தூரிகையின் நுனியால் முன்புறம் மூன்று நான்கு கோடுகள் மேலிருந்து கீழாக இழுத்தால் கொசுவம் விழுந்துவிடும். ஊசியால் இழுத்தால் தாள் கிழியும். இது காய்ந்த பின் 4 மி.மீ. அகலமும் 20 மி.மீ. நீளமும் உள்ள இன்னொரு பட்டையை வலது இடுப்பில் தொடங்கி, மார்பின் குறுக்கே ஏற்றி, இடது தோளைக் கடந்து முதுகில் முழங்கால் வரை தொங்கவிட வேண்டும். அதுதான் முந்தானை. தோளில் அமரும் இடத்தில் மட்டும் அதைச் சற்றுக் குறுக்கிப் பிடித்தால் துணியின் கனம் தோன்றும். மூன்று பெண்களில் ஒருவருக்கு முந்தானையை வலது தோளைச் சுற்றி முன்னே இழுத்துச் செருகுங்கள். வரிசைக்கு உயிர் வரும்.

காய்ந்த தாள் ஃபெவிக்காலில் ஊறி மெல்லிய அட்டை போல விறைத்துவிடும். அதன் மேல் தாராளமாக வண்ணம் தீட்டலாம். கறுப்புத் தையல் நூலில் 5 மி.மீ. துண்டை ஒட்டினால் பின்னல். அதன் மேல்முனையில் வெள்ளையில் ஒரு புள்ளி வைத்தால் மல்லிகைச் சரம். தொடக்கத்தில் ஓர் உருவத்துக்குக் கணிசமான நேரம் பிடிக்கும். கை பழகிய பின் பத்து உருவங்களுக்கு முதற்பட்டையும், அவை காய்ந்ததும் அதே பத்துக்கு முந்தானையுமாகச் சுற்று முறையில் செய்தால் ஒரு மாலைக்குள் ஒரு குழு தயாராகிவிடும்.

ஆண்களுக்கு என்ன செய்வது?

பேன்ட், சட்டை அணிந்தவர்களுக்கு மாற்றம் எதுவும் தேவையில்லை. கோட்டின் மடிப்பையும் டையையும் சீவி எடுத்துவிட்டு, கோட்டின் கீழ்விளிம்பைச் சற்றே மேலே வெட்டினால் அது வெளியே விட்ட சட்டையாகிவிடும். வேட்டிக்கு, கால்களின் இடைவெளியை எம்-சீல் (பிசைந்து வைத்தால் இறுகிவிடும் அடைப்பு மாவு) கொண்டு அடைத்து, டிஷ்யூ பட்டையை ஒரு சுற்றுச் சுற்றி, முன்புறம் ஓரத்தைச் செங்குத்தாக விட வேண்டும். மடித்துக் கட்டிய வேட்டிக்கு முழங்கால் வரை மட்டும் சுற்றினால் போதும். தோளில் 2 மி.மீ. அகலத் துண்டு ஒன்றைப் போட்டுவிடலாம். அரைக்கால் சட்டை அணிந்த ஐரோப்பியச் சிறுவர்கள் அப்படியே நம் பள்ளிப் பிள்ளைகள் ஆகிவிடுவார்கள்.

வாங்காமலே செய்யக்கூடிய உருவங்கள் உண்டா?

கூட்டத்தில் கால் பங்கையேனும் இப்படிச் செய்துவிடலாம். நம் நிலையங்களில் பலர் நிற்பதில்லை. தரையில் அமர்ந்திருப்பார்கள் அல்லது துணி விரித்துப் படுத்திருப்பார்கள். போர்வையால் தலை முதல் கால் வரை போர்த்திப் படுத்திருப்பவரே இருப்பதில் மலிவானவர்: 18 மி.மீ. நீளமும் 5 மி.மீ. அகலமும் கொண்ட எம்-சீல் உருளை, ஒரு முனையில் தலைக்கான மேடு, மறுமுனையில் பாதங்களுக்கான மேடு, மேலே ஃபெவிக்கால் நனைத்த டிஷ்யூ. ஒருக்களித்துப் படுத்தவருக்கு முழங்காலை மடக்கி உருட்டினால் ஆயிற்று. சம்மணமிட்டு அமர்ந்தவருக்கு, பெயரில்லாப் பையில் அளவு பொருந்தாமல் ஒதுக்கிய உருவத்தின் இடுப்புக்கு மேற்பகுதியை வெட்டி, தட்டையான எம்-சீல் மேட்டின் மேல் பதித்து, மேட்டை இரு முழங்கால்களாக அழுத்திவிட வேண்டும்.

இவர்களைச் சுற்றிச் சாமான்களைக் குவியுங்கள். தீக்குச்சியைத் துண்டு போட்டால் பெட்டி. எம்-சீல் உருண்டையின் கழுத்தைக் கிள்ளினால் மூட்டை. அட்டைத் துண்டுக்கு மெல்லிய கம்பியில் பிடி வைத்தால் சூட்கேஸ். ஒரு குடும்பம் தன் சாமானோடு பிடிக்கும் இடம், நிற்கும் நால்வர் பிடிக்கும் இடத்தைவிட அதிகம். ஆகவே சாமான் சேரச் சேர, உருவங்களின் தேவை குறைந்துகொண்டே வரும்.

நூற்றுக்கணக்கான உருவங்களுக்கு வண்ணம் தீட்டுவது சலிப்பான வேலை அல்லவா?

ஒவ்வொன்றாகத் தீட்டினால் சலிப்புத்தான். ஐஸ் குச்சியில் இருபக்கப் பசைநாடாவை ஒட்டி, ஒரு குச்சிக்குப் பத்து உருவங்களை நிறுத்திக்கொண்டால் வேலை எளிதாகும். சட்டகத்தோடு வரும் உருவங்களைச் சட்டகத்திலிருந்து வெட்டாமலே தீட்டலாம். முதலில் பாத்திரம் கழுவும் சோப்பு நீரில் கழுவிக் காய வைத்து, வார்ப்பின்போது ஒட்டிய எண்ணெய்ப் பசையை நீக்க வேண்டும். இதைத் தவிர்த்தால் வண்ணம் உரிந்து வரும்.

அடுத்து, சாம்பல் நிறத்துக்குப் பதிலாகப் பழுப்பு நிறப் பிரைமரை, அதாவது அடிப்பூச்சு வண்ணத்தை, தெளியுங்கள். முகம், கை, கால் எல்லாவற்றுக்கும் தோல் நிறம் அந்த ஒரே தெளிப்பில் முடிந்துவிடும். இனி உடையும் தலைமுடியும் மட்டுமே பாக்கி. ஒரு வண்ணத்தைக் கலந்தால், அந்த வண்ணம் வர வேண்டிய எல்லா உருவங்களுக்கும் அடுத்தடுத்துத் தீட்டிவிட்டுத்தான் தூரிகையைக் கழுவ வேண்டும். கடைசியில் மிக நீர்த்த அடர்பழுப்பு வண்ணத்தை மேலே ஓடவிட்டால் அது மடிப்புகளிலும் கண்குழிகளிலும் தங்கி நிழலாகும். கண்களைத் தனியே வரைய வேண்டாம்: 1:87இல் ஒரு கண்ணின் அகலம் 0.3 மி.மீ. மட்டுமே, வரைந்தால் எல்லோரும் விழித்துப் பார்ப்பவர்களாகி விடுவார்கள். பளபளப்பு நீங்க மேட் வார்னிஷ் ஒரு தெளிப்பு அவசியம்.

வண்ணங்களைத் தேர்ந்தெடுப்பதில் கவனிக்க வேண்டியவை யாவை?

தோல் நிறத்தை ஒரே பழுப்பாக விடக் கூடாது. ஒரு குச்சிக்கு அடர்பழுப்பு, இன்னொன்றுக்குச் செம்பழுப்பு, மற்றொன்றுக்குக் கோதுமை நிறம் என மூன்று நான்கு பிரைமர் சாயல்களைப் பயன்படுத்தி, உருவங்களை நிறுத்தும்போது கலந்துவிட வேண்டும். வேட்டியும் வெள்ளைச் சட்டையும் குப்பியிலிருந்து எடுத்த தூய வெள்ளையாக இருந்தால் கண்ணைக் குத்தும்; துளி சாம்பலோ துளி மஞ்சளோ சேருங்கள். சிறு உருவத்தில் எந்த நிறமும் உண்மையைவிட அழுத்தமாகத் தெரியும் என்பதால், சேலைகளின் பச்சை, அரக்கு, நீலம் ஆகியவற்றிலும் சிறிது வெளிர்நிறம் கலப்பது நல்லது. சேலைக்கும் ரவிக்கைக்கும் நிறம் வேறுபட்டாலே போதும்; கரையை முன்வரிசைப் பெண்களுக்கு மட்டும் ஒரு மெல்லிய கோடாக வரையலாம். போர்ட்டரின் சிவப்புச் சட்டை, பரிசோதகரின் கறுப்புக் கோட்டு, போலீஸ்காரரின் காக்கி ஆகிய மூன்றும் எங்கே நிற்கின்றனவோ அங்கே பார்வை முதலில் போகும். ஆகவே அவற்றை நெருங்கி நிறுத்தாமல் தள்ளித் தள்ளி நிறுத்துங்கள்.

முப்பரிமாண அச்சுப்பொறி வாங்குவது லாபமா?

கூட்டத்துக்காக மட்டும் வாங்குவது லாபமில்லை. ஏற்கெனவே இருந்தால், அல்லது நண்பரிடம் இருந்தால், இதைவிடச் சிக்கனமான வழி இல்லை. இழை உருக்கி அச்சிடும் பொறியின் வழக்கமான 0.4 மி.மீ. முனை, 1 மி.மீ. பருமனே உள்ள கையை நேர்த்தியாக வார்க்காது. ஒளியால் உறையும் திரவப் பிசினை அடுக்கடுக்காக வார்க்கும் ரெசின் வகைப் பொறியே ஏற்றது. மனித உடலின் கன அளவு ஏறத்தாழ 65 லிட்டர் என்று கொண்டு அதை 87இன் முப்படியால் வகுத்தால் ஓர் உருவத்துக்கு 0.1 மி.லி. ரெசின்தான் வருகிறது. அச்சிடும்போது உருவத்தைத் தாங்கும் கால்களுக்கும் வீணாவதற்கும் மூன்று மடங்கு சேர்த்துக்கொண்டாலும், அரை லிட்டர் குப்பியில் ஆயிரத்துக்கு மேற்பட்ட உருவங்கள் கிடைக்கும். அச்சிடும் நேரம் உயரத்தைப் பொறுத்ததே அன்றி எண்ணிக்கையைப் பொறுத்ததன்று: 0.05 மி.மீ. அடுக்குகளாக, அடுக்குக்கு எட்டு வினாடி வீதம், தட்டு நிறைய உருவங்கள் ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல் முடிந்துவிடும்.

இதன் பெரும்பயன் மலிவு மட்டுமன்று. மேக்ஹியூமன், பிளெண்டர் ஆகிய இலவச மென்பொருள்களைக் கொண்டு நமக்கு வேண்டிய உடையும் நிலையும் கொண்ட உருவத்தை நாமே வடிவமைக்கலாம். குழந்தையை இடுப்பில் வைத்த தாய், தலையில் கூடை ஏந்திய வியாபாரி போன்றவர்கள் ஐரோப்பியப் பெட்டிகளில் எளிதில் கிடைக்கமாட்டார்கள். முந்தானை ஓரம் போன்ற மெல்லிய பகுதிகளை 0.3 மி.மீ.க்குக் குறையாமல் தடித்து வரைந்துகொள்ள வேண்டும்.

உறையாத ரெசின் தோலுக்குத் தீங்கானது. நைட்ரைல் கையுறை, காற்றோட்டம் இரண்டும் கட்டாயம். அச்சிட்ட உருவங்களைக் கழுவிய ஆல்கஹாலைக் கழிவுநீர்த் தொட்டியில் ஊற்றாமல் வெயிலில் வைத்து, கலந்திருக்கும் ரெசினை உறைய விட்டு நீக்குங்கள். குழந்தைகள் இருக்கும் வீட்டில் இதில் எந்தச் சமரசமும் கூடாது.

நல்ல உருவங்களைச் சிலிகான் அச்சில் படியெடுக்கலாமா?

நீங்களே செதுக்கியவற்றை எவ்வளவு வேண்டுமானாலும் படியெடுக்கலாம். ஒரு நிறுவனத்தின் உருவத்தைப் படியெடுப்பது, அதைச் செதுக்கிய கலைஞரின் உழைப்பை எடுத்துக்கொள்வதாகும், செய்ய வேண்டாம்.

ஒரே நிலை திரும்பத் திரும்ப வருவதை எப்படி மறைப்பது?

நிறத்தை மாற்றுவதால் மட்டும் மறையாது. கண் நிறத்தைவிட உடலின் வெளிக்கோட்டையே முதலில் அடையாளம் காண்கிறது. ஆகவே வெளிக்கோட்டை மாற்ற வேண்டும். ஒருவருக்கு முழங்கையில் வெட்டிக் கையை மேலே திருப்பி ஒட்டுவது, இன்னொருவருக்குத் தலையை வேறொருவர் தலையோடு மாற்றுவது, மூன்றாமவருக்குத் தோளில் பையை மாட்டுவது, நான்காமவரை முதுகு காட்டித் திருப்பி நிறுத்துவது என்று ஒரே வார்ப்பிலிருந்து நான்கு ஆட்கள் கிடைப்பார்கள். தலை மாற்றுவது கடினம் போலத் தோன்றினாலும், கூரிய பிளேடால் கழுத்தில் ஒரே அழுத்து அழுத்தி வெட்டினால் சுத்தமாகப் பிரியும். ஒட்டும்போது சிறிதே சாய்த்து வைத்தால் பக்கத்திலிருப்பவரோடு பேசுவது போல அமையும். ஒரே நிலையில் மிஞ்சுபவர்களுக்கு இடையே குறைந்தது 15 செ.மீ. இடைவெளி விடுங்கள்.

பின்வரிசைக்கும் முழு உருவங்கள் வேண்டுமா?

வேண்டியதில்லை. முன்னால் இரண்டு வரிசை ஆட்கள் நிற்கும்போது மூன்றாம் வரிசையின் தலையும் தோளும் மட்டுமே தெரியும். ஓர் உருவத்தை இடுப்பில் வெட்டினால் மேற்பகுதி மூன்றாம் வரிசைக்கும், கால்பகுதி தூணின் பின்னால் பாதி மறைந்து நிற்பவருக்கும் உதவும். சுவரோரக் கடைசி வரிசைக்கு நீங்களே எடுத்த புகைப்படங்களை அளவுக்குச் சுருக்கி அச்சிட்டு வெட்டி வைக்கலாம். வெட்டிய தாளின் வெள்ளை விளிம்பைச் சாம்பல் நிற மார்க்கரால் தடவாவிட்டால் ஒவ்வொருவரைச் சுற்றியும் ஒரு வெள்ளைக் கோடு தெரியும்.

இவற்றையெல்லாம்விட உதவுவது பார்வையின் உயரம். மேசை 120 முதல் 130 செ.மீ. உயரத்தில் இருந்தால், பார்ப்பவர் கூட்டத்தை ஏறத்தாழ பக்கவாட்டில் பார்ப்பார். ஒருவரை ஒருவர் மறைத்து, நாற்பது பேர் நூறு பேராகத் தெரிவார்கள். சாப்பாட்டு மேசையின் உயரத்தில் வைத்தால் மேலிருந்து இடைவெளிகள் எல்லாம் தெரியும். புதிய உருவங்களுக்குப் பணம் செலவிடும் முன் மேசையின் கால்களை உயர்த்திப் பாருங்கள்.

பெட்டிகளுக்குள் பயணிகளை அமர்த்துவது எப்படி?

குளிர்சாதனமில்லாத பெட்டிகளின் கம்பி வைத்த சன்னல் வழியே உடலின் மேற்பகுதி மட்டுமே தெரிவதால், தலையும் மார்பும் மட்டும் இருந்தால் போதும். ஒதுக்கிய உருவங்களை வெட்டி, சன்னலோரத்தில் ஒட்டுங்கள். நடைமேடையைப் பார்த்த பக்கத்தில் மட்டும் இதைச் செய்தால் செலவு பாதியாகும். ஆனால் ரயில் திரும்பி வரும் சுற்றுப்பாதையானால் இரு பக்கமும் தேவைப்படும்.

எந்தப் பசையால் ஒட்டுவது?

காட்சியை மாற்றியமைக்க விரும்புபவர்கள் ஃபெவிக்காலில் ஒரு புள்ளி வைத்தால் போதும். பின்னர் ஈரத்துணியால் நனைத்து எடுத்துவிடலாம். சயனோஅக்ரிலேட் வகை உடனடிப் பசை காயும்போது எழும் ஆவி அருகிலுள்ள வண்ணத்தின் மேல் வெண்மையாகப் படியும் என்பதால், அதை வண்ணம் தீட்டுவதற்கு முந்தைய வேலைகளுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். மலிவான உருவங்களின் பாதம் சிறிதாக இருப்பதால் சாய்ந்து விழும். கைத்துளைப்பானால் ஒரு காலில் துளையிட்டு 0.4 மி.மீ. கம்பியைச் செருகி, நடைமேடையிலும் துளையிட்டு நிறுத்துவது நிலையான தீர்வு.

காலத்துக்கு ஏற்ப எவற்றை மாற்ற வேண்டும்?

இந்தியாவில் செல்பேசிச் சேவை 1995இல்தான் தொடங்கியது. ஆகவே நீராவி என்ஜின் நிற்கும் நடைமேடையில் காதில் கை வைத்துப் பேசும் உருவம் நிற்கக் கூடாது. சக்கரம் வைத்த பெட்டிகளும் முதுகுப்பைகளும் அப்படியே. முந்தைய காலக் காட்சிக்குத் தகரப் பெட்டி, சுருட்டிக் கட்டிய படுக்கை, கூஜா ஆகியவையும், ஆண்களில் வேட்டி கட்டியவர்களின் விகிதம் கூடுவதும் போதும்.

வேறு அளவுகளில் அமைப்பவர்களுக்கு இவை பொருந்துமா?

1:160 அளவில் ஒருவர் 10 மி.மீ. உயரமே இருப்பார். அங்கே சேலைக்குத் தாள் சுற்ற வேண்டாம். வண்ணத்தின் வேறுபாடே உடையாகிவிடும். பின்வரிசைக்கு 1.5 மி.மீ. அகலப் பிளாஸ்டிக் பட்டையை வெட்டி, தலைக்கு ஒரு புள்ளி, உடலுக்கு ஒரு நிறம் வைத்தாலே ஆள் வந்துவிடும். தோட்டத்தில் ஓடும் 1:22.5 அளவுப் பெரிய ரயிலானால் ஒருவர் 7 செ.மீ.க்குச் சற்று மேல் இருப்பார். நவராத்திரிக் காலத்தில் கொலுவுக்காக விற்கப்படும் சிறிய மண் பொம்மைகளில் அந்த உயரமுள்ளவை கிடைக்கும். சேலை, வேட்டி, கூடை, காய்கறிக் கடை அனைத்தும் தயாராகவே இருக்கும். மேட் வார்னிஷ் மட்டும் தெளித்துக்கொள்ளுங்கள். மழையில் பொம்மைகள் கெட்டுவிடும் என்பதால் ஓட்டி முடித்ததும் உள்ளே எடுத்து வைக்க வேண்டும்.

கூட்டத்தில் படியும் தூசியை எப்படி நீக்குவது?

ஒப்பனைக்குப் பயன்படும் மென்மையான அகலத் தூரிகையால் மேலிருந்து கீழாக மட்டும் தட்டிவிடுங்கள். பக்கவாட்டில் தேய்த்தால் கைகளும் கூடைகளும் ஒடியும். எழும் தூசியை, குழாயின் வாயில் பழைய காலுறையைக் கட்டிய தூசி உறிஞ்சியைச் சற்றுத் தள்ளிப் பிடித்து இழுத்துக்கொண்டால், கழன்று விழும் உருவமும் தொலையாமல் காலுறையில் தங்கும். கடலோர ஊர்களின் ஈரப்பதத்தில் தூசி பிசுபிசுத்து ஒட்டிக்கொள்வதால், ஓட்டாத நாட்களில் மெல்லிய பருத்தித் துணியால் அமைப்பு முழுவதையும் மூடி வைப்பது நல்லது; துணி உருவங்களின் மேல் படியாதிருக்க நான்கு மூலைகளிலும் கூரையைவிட உயரமான குச்சிகளை நட்டு அவற்றின் மேல் விரியுங்கள்.